பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை: விட்டுவைப்பதா, பூசுவதா, மூடுவதா, கழற்றுவதா?

தாராபுரம் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில், சமையற்கட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் 1994-இல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் இருக்கிறது. போன ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து ஒரு ஷீட் விரிசல் விட்டது. கூரை வேலைக்காரர் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். பெயிண்ட் கடைக்காரர் வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடும் குறையும், விரிசலும் அடையும் என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழையதன் மேலேயே தகர ஷீட்டைப் போட்டு மூடியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் தங்கையோ, புற்றுநோய் வரும், எல்லாவற்றையும் உடனே பிய்த்தெறியுங்கள் என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள். நான்கு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எந்த வழியில் எவ்வளவு நார் காற்றில் பறக்கும், அதை யார் சுவாசிப்பார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்து நான்கையும் நிறுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கல்நார் என்ற தமிழ்ப் பெயர் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மண்ணுக்கடியில் கல்லாகக் கிடைக்கும் இந்தத் தாது நசுக்கினால் பஞ்சு போலப் பிரியும். ஒவ்வொரு நாரும் நீளவாக்கில் மேலும் மேலும் பிளந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாகும். மூச்சோடு உள்ளே போன நீண்ட இழையை நுரையீரலின் துப்புரவுச் செல்கள் விழுங்கப் பார்க்கின்றன. முழுதாக விழுங்க முடியாமல் தாமே சிதைகின்றன. அந்த இடத்தில் ஆறாத அழற்சி தங்கிவிடுகிறது. சில இழைகள் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை வரை போய்ச் சேர்ந்து, அந்த உறையின் செல்களைப் பல்லாண்டுக் காலம் சேதப்படுத்துவதால் உண்டாகும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. வயிற்றறையின் உறையிலும், அரிதாக இதயத்தின் உறையிலும் அது வரும். நுரையீரல் புற்றுநோய் வேறு. கல்நார் அதையும் உண்டாக்கும், புகைபிடிப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்காகும். ஆனால் மீசோதீலியோமாவுக்குப் புகைப்பழக்கம் காரணமில்லை என்பதால், பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்ற தைரியம் இங்கே செல்லாது.

நாரைச் சுவாசித்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 1960-இல் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதியிலிருந்து 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் கல்நாருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் உறுதிப்பட்டது. அந்த நோயாளிகளில் சிலர், கல்நாரில் ஒரு வகையான நீலக் கல்நாரை எடுக்கும் சுரங்கத்தில் ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள். அந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் செய்த ஆய்வு இன்னும் நெஞ்சை அறுப்பது: கல்நார் ஆலைக்கு அரை மைல் சுற்றில் வாழ்ந்தவர்களும், ஆலைத் தொழிலாளியின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்களும் அந்த நோயாளிகளிடையே இருந்தார்கள்.

இனி முதல் வழியைப் பார்ப்போம். அலை அலையான கூரை ஷீட்டில் நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்குதான் கல்நார். மீதி பெரும்பாலும் சிமெண்ட். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும் வரை, அதன் கீழே சமைப்பவருக்கும் உறங்குபவருக்கும் ஆபத்து மிகக் குறைவு. உறுதியாக இருக்கும் ஷீட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்வது அலட்சியம் ஆகாது. பிரிட்டன் சட்டப்படி கடைப்பிடிக்கும் முறையே இதுதான். ஆனால் ஷீட்டுக்கும் வயது உண்டு. முப்பது ஆண்டு வெயிலும் மழையும் சிமெண்டை அரித்து, மேற்பரப்பில் நாரை வெளியே விட்டுவிடும். பாசி அதற்குத் துணை செய்யும். ஓரத்தை விரலால் தொட்டாலே சாம்பல் போல் உதிர்கிறதா, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை வண்டல் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலை வந்துவிட்ட கூரைக்கு இந்த வழி பொருந்தாது.

இரண்டாவது வழியாகிய பூச்சு கேட்பதற்கு மிக எளிமையாக இருக்கிறது; நான் நேரில் கண்ட மோசமான காட்சியோ அதில்தான். ஈரோட்டில் ஒரு வீட்டு மாடியில், பெயிண்ட் ஒட்ட வேண்டும் என்பதற்காக இரண்டு பையன்கள் காய்ந்த ஷீட்டைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புருவத்திலும் இமை மயிரிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மூக்கில் துண்டு கட்டியிருந்தார்கள். அந்த இழைக்குத் துண்டின் நெசவு சல்லடைக் கண் மாதிரி. கீழே அந்த வீட்டம்மா, விழுந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் சும்மா கிடந்த கூரை, ஒரு முற்பகலில் மூன்று பேர் மூச்சுக்குள் போனது. அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தால் பீய்ச்சிக் கழுவுவதும் ஏறக்குறைய அதே கேடுதான். சேறு சுவரெல்லாம் தெறித்து, காய்ந்த பின் தூசாகிறது. பூச்சு நல்ல நிலையிலுள்ள ஷீட்டின் ஆயுளைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் நனைத்து, மென்மையாக ஒற்றித் துடைத்து, தேய்க்காமல், சுரண்டாமல் பூசினால் மட்டுமே அது பாதுகாப்பான வழி. உதிரும் ஷீட்டில் தேய்க்காமல் பூச்சு நிற்காது. எனவே பூச்சு மிகவும் தேவைப்படும் கூரைக்குத்தான் அது உதவாமல் போகிறது.

மூடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனிச் சட்டம் கட்டி, பழைய ஷீட்டில் துளையிடாமல் மேலே தகரம் போட முடிந்தால் வெயிலும் மழையும் படாமல் பழையது பிழைக்கும். நம் ஊரில் நடப்பது, பழைய ஷீட்டின் வழியாகவே டிரில் போட்டு முடுக்குவது. அதோடு, இந்தப் பாரத்தைப் பழைய மரச்சட்டம் தாங்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

கழற்றுவது ஒன்றே முடிவான தீர்வு. ஒரு நாளில் மிக அதிகமாகத் தூசி கிளப்பக்கூடியதும் அதுவே. சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளுவதற்கும், நனைத்து முழு ஷீட்டாக இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு, விட்டுவைப்பதற்கும் கழற்றுவதற்கும் உள்ளதைவிடப் பெரியது. சோப்பு கலந்த தண்ணீரால் இரு பக்கமும் ஈரமாக்க வேண்டும்; ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்துத் திருக வராவிட்டால், ஷீட்டை உடைக்காமல் போல்ட்டைக் கை ரம்பத்தால் வெட்ட வேண்டும்; கட்டிங் மெஷினைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது; நுண்தூசியை வடிகட்டும், முகத்தோடு இறுகப் பொருந்தும் எஃப்.எஃப்.பி.3 தர முகக்கவசம் வேண்டும். கீழே குழந்தைகள் இருக்கவே கூடாது. குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கை வெறும் பதற்றத்தில் சொல்வது இல்லை: முதல் தொடர்புக்குப் பின் வாழும் ஆண்டுகள் கூடக்கூட ஆபத்து ஏறுவதால், 5 வயதில் நாரைச் சுவாசித்த குழந்தையின் வாழ்நாள் ஆபத்து, அதே அளவை 30 வயதில் சுவாசித்தவருடையதைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு என்று 2013-இல் பிரிட்டனின் நிபுணர் குழு கணித்தது.

கழற்றியதை எங்கே போடுவது என்பதுதான் இந்த வழியின் பெரிய பலவீனம். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கான கிடங்கு இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து அமைந்தது. ஒரு சாதாரண வீட்டுக்காரர் ஏழெட்டு ஷீட்டை ஏற்றிக்கொண்டு அங்கே போவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் உடைந்த துண்டுகள் வண்டிப்பாதைப் பள்ளத்தை நிரப்பப் போகின்றன, சக்கரம் அரைத்து அரைத்துப் பொடியாக்குகிறது. கூரையில் இருந்ததைவிட அங்கேதான் அது கொடியது.

நாடுகளும் இதே கேள்வியில் பிரிந்து நிற்கின்றன. போலந்து 2032-க்குள் நாட்டிலுள்ள கல்நார் முழுவதையும் அகற்றத் திட்டமிட்டது. நெதர்லாந்து 2024-க்குள் கல்நார்க் கூரைகளுக்குத் தடை கொண்டுவர முனைந்து, 2019-இல் அதன் மேலவை அந்த மசோதாவை நிராகரித்தது. பிரிட்டனில் 1999-இல் வெள்ளைக் கல்நாருக்கும் தடை வந்த பிறகும், முன்பு சுவாசித்ததன் விளைவாக ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறந்துவருகிறார்கள்.

இந்தியாவில் இப்போது விற்பது வெள்ளைக் கல்நார் மட்டும்தான், அது அவ்வளவு கெட்டதில்லை என்று தொழில்துறை சொல்கிறது. இந்த வாதத்தை நேர்மையாகவே எடைபோட வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஹாட்ஜ்சன், டார்ன்டன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, மீசோதீலியோமாவை உண்டாக்கும் வலிமையில் வெள்ளை, பழுப்பு, நீலம் மூன்றும் 1, 100, 500 என்ற விகிதத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். வெள்ளை நார் சுருண்டது, உடலில் சீக்கிரம் கரைவது. எனினும் அந்த ஒன்று சுழியம் ஆகாது. நுரையீரல் புற்றுநோயில் இந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. புதிதாகக் கூரை போடுபவருக்கு இந்த வாதமே தேவையில்லை, ஏனென்றால் மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கலர் ஷீட் வெயில் சூட்டை உள்ளே இறக்கும், மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. அடியில் வெப்பத் தடுப்பு விரித்தால் இரண்டும் குறையும். மங்களூர் ஓடு குளிர்ச்சி, ஆனால் சட்டத்துக்குச் செலவு, குரங்கு உள்ள ஊரில் ஓயாத வேலை. கல்நாருக்குப் பதில் மரக்கூழும் செயற்கை இழையும் சேர்த்த சிமெண்ட் ஷீட்டும் வருகிறது; பார்க்கப் பழையது போலவே இருக்கும், சற்று விலை கூடுதல். இலங்கை 2018 முதல் வெள்ளைக் கல்நார் இறக்குமதியைத் தடுக்க இருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்த, இலங்கையின் கல்நார்த் தடை கைவிடப்பட்டது. கல்நாரின் பெரிய ஏற்றுமதியாளர் ரஷ்யா என்பதை மலையகத் தொழிலாளர்கள் அந்த மாதத்தில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஐந்தாவது வழியையும் சிலர் மனதில் வைத்திருக்கிறார்கள். மூச்சிரைப்பும் நெஞ்சுவலியும் நுரையீரல் உறையில் நீர் கோத்தலுமாக அது வரும்போது, காசநோய் மலிந்த நம் நாட்டில் முதலில் அந்தச் சந்தேகமே எழும். கல்நாரோடு வேலை செய்ததை நோயாளி தாமாகச் சொல்லியாக வேண்டும். 2003-இல் வெளியான ஆய்வில் இரு மருந்துக் கூட்டு வேதிச்சிகிச்சை சராசரி ஆயுளை 9.3 மாதத்திலிருந்து 12.1 ஆக்கியது, 2021-இல் வெளிவந்த ஆய்வில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் 14.1-ஐ 18.1 ஆக்கின. ஒவ்வொரு முன்னேற்றமும் மாதக் கணக்கில்தான்.

சித்தப்பா கடைசியில் கூரையை இரண்டாகப் பிரித்தார். கொட்டகை ஷீட் இன்னும் கெட்டியாக இருப்பதால் அப்படியே இருக்கிறது. புகையும் பாசியும் ஏறி உதிரத் தொடங்கிய சமையற்கட்டு ஷீட்டை, ஐப்பசி மழை விட்ட ஈரத்தோடு ஈரமாக இறக்கினோம். இரட்டைப் பாலித்தீனில் சுற்றி, மேலே கொட்டை எழுத்தில் எழுதி, யாரும் மிதிக்காத இடத்தில் அடுக்கினோம். கூரை வேலைக்காரர் சித்தப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏறினார். இறங்கியதும் அதையும் ஷீட்டோடு சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டு, கிணற்றடியில் தலையோடு குளித்து, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.