ஊட்டித் தைலம்: சரக்கு நல்லது, லேபிள்தான் மோசம்

ஊட்டிக்குப் போனால் வர்க்கி, சாக்லேட்டோடு தைலமும் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சின்னக் கடையில் யூக்கலிப்டஸ் தைலம் 100 மில்லியும், மூட்டுவலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலம் ஒரு சின்ன பாட்டிலும் வாங்கினேன்.

யூக்கலிப்டஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டேன், கொஞ்ச நேரத்தில் கறையில்லாமல் பறந்துவிட்டது. சமையல் எண்ணெய் எதையாவது கலந்திருந்தால் பிசுபிசுவென்று ஒரு வட்டம் நின்றிருக்கும் (டர்பன்டைன் கலந்திருந்தால் இதில் தெரியாது, அது வேறு கதை). மூக்கடைத்த ராத்திரியில் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்தால், அதிலுள்ள சினியோல் என்ற மணப்பொருள் தயவில் மூச்சு லேசானது போல இருக்கிறது, தூக்கமும் வருகிறது. சளியைக் குணப்படுத்தும் என்றெல்லாம் நம்ப வேண்டாம். கால்வலிக்கு என்றால் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஆறேழு சொட்டு போதும், அப்படியே தேய்த்தால் தோல் எரியும்.

கடைக்காரர் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. "குழந்தைக்குச் சளின்னா வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிக்கக் குடுங்கண்ணா" என்கிறார், அதுவும் ரொம்ப அன்பாக! இது குடிக்கிற சமாச்சாரமே இல்லை. குழந்தைகள் நாலைந்து மில்லி விழுங்கினாலே மயக்கம், வலிப்பு வரை போகலாம். கைக்குழந்தையின் மூக்கு, முகம் பக்கமே கொண்டுபோகக் கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடாமலிருப்பது நல்லது. லேபிளில் இதில் ஒரு வரியாவது உண்டா? மரத்தின் படம், '100% சுத்தம்', அவ்வளவுதான். தயாரித்த தேதிகூட இல்லை.

விண்டர்கிரீன் இன்னும் மோசம், ஏனென்றால் அது மிட்டாய் மாதிரி மணக்கும், பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான், அதாவது ஆஸ்பிரின் குடும்பத்து ரசாயனம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். மூட்டுவலிக்கு நீர்க்கத் தடவினால் சூடு பரவி இதமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோலில் தேய்ப்பதுகூட ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். எங்கள் அம்மா அந்த மாத்திரையில் இருப்பதால் பாட்டில் பூட்டின அலமாரிக்குப் போய்விட்டது.

யூக்கலிப்டஸுக்கு நாலு ஸ்டார், கடைக்கு ரெண்டு. அடுத்த தடவையும் தைலம் வாங்குவேன், ஆனால் தேதியும் எச்சரிக்கையும் அச்சடித்த பாட்டிலாகப் பார்த்து.