கோடு ஆடினால் கார்டு போய்விட்டதா? ராமநாதபுரம் கடலோர சர்வே ஃபைல்களோடு ஆட்டோகேட், ரெவிட் வரைபட மென்பொருள்கள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகங்களில் அடிக்கடி வரும் புகார் இது: ஜூம் செய்தால் கோடு ஆடுகிறது, ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) சிதறுகிறது, வட்டம் பல்பல்லாகத் தெரிகிறது. உடனே புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு விலை விசாரிப்பார்கள். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், பெரும்பாலும் அந்தப் பணம் மிச்சம்.

சிதறல் தெரியும்போதே பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை வேறு கணினியில் திறந்து பாருங்கள். படம் சுத்தமாக இருந்தால் கோளாறு கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. படத்திலும் சிதறல் இருந்தால் கார்டு, டிரைவர், ஃபைல் மூன்றில் ஒன்று. ஆட்டோகேடில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்று அடித்து ஹார்டுவேர் ஆக்சலரேஷனை ஆஃப் செய்து பாருங்கள். சரியாகிவிட்டாலும் அவசரப்பட்டு டிரைவர்மீது பழி போட வேண்டாம். ஒரு புள்ளியின் எக்ஸ், ஒய் எண்களைக் காட்டும் ஐடி கட்டளை கொடுத்து மனையின் ஒரு மூலையைக் கிளிக் செய்யுங்கள். எக்ஸ் 2 லட்சத்துக்கு மேல், ஒய் 10 லட்சத்துக்கு மேல் காட்டினால் கோளாறின் வேர் அந்தப் பெரிய எண்களில்தான்.

பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறையில் நம் கடலோரம் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. ராமேஸ்வரத்தில் எடுத்த சர்வேயில் கிழக்குத் தூரம் (எக்ஸ்) சுமார் 3,14,000 மீட்டர், வடக்குத் தூரம் (ஒய்) சுமார் 10,27,000 மீட்டர். ஆட்டோகேட் ஃபைலுக்குள் இந்த எண்களைத் துல்லியமாகத்தான் வைத்திருக்கும். ஆனால் திரையில் வரையும் வேலை பெரும்பாலும் 32 பிட் எண்களில் நடக்கிறது. அதில் ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நிற்கும். 10,27,000 அளவுள்ள எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 6.25 சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். 23 சென்டிமீட்டர் சுவரின் இரு கோடுகளும் இந்தப் படிகளில் மாறி மாறிக் குதிக்கின்றன. வடக்கே தொண்டிக்குப் போனால் ஒய் 10,48,576-ஐத் தாண்டுவதால் இடைவெளி இரட்டிப்பாகி 12.5 சென்டிமீட்டர் ஆகிவிடும். எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த எக்ஸ், ஒய் எண்களையே (ஆயத்தொலைவு) தூக்கி எறிந்துவிடலாமே என்றால், இங்கே அது நடக்காது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தோடு பொருத்திக் காட்ட வேண்டும். அதனால் மூல சர்வேயைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். நகலில் எல்லா லேயரையும் ஃப்ரீஸ் நீக்கி ('தா' கட்டளை), அன்லாக் செய்யுங்கள். ஃப்ரீஸ் ஆன லேயரில் உள்ளதும் லாக் ஆன லேயரில் உள்ளதும் 'ஆல்' என்று தேர்ந்தெடுத்தாலும் பிடிபடாது. பிறகு மரமும் மின்கம்பமும் மட்டும் பழைய இடத்தில் நின்றுவிடும். மூவ் கட்டளை, ஆல் தேர்வு, அடிப்படைப் புள்ளி (ராமேஸ்வரம் எடுத்துக்காட்டில்) 314000,1027000, போகும் புள்ளி 0,0. முழு எண்ணாக வைத்துக்கொண்டால் பின்னால் தடுமாற்றம் இல்லை. அடுத்து யூசிஎஸ் (நாமே அமைக்கும் அச்சுமுறை) மூலத்தை -314000,-1027000 என்று வைத்து ஒரு பெயரில் சேமியுங்கள். அந்த யூசிஎஸ்ஸில் ஐடி கொடுத்தால் உண்மையான சர்வே எண் வரும். வரைவதற்கு வேர்ல்டு என்ற இயல்பான அச்சுமுறைக்குத் திரும்பிவிடலாம். சர்வே மீட்டரில், கட்டடம் மில்லிமீட்டரில் இருந்தால் முதலில் மூவ், அப்புறம்தான் ஆயிரம் மடங்கு ஸ்கேல். வரிசை மாறினால் ஒய் நூறு கோடியைத் தாண்டும், மேலே சொன்ன மூவ் எண்களும் பொருந்தாது.

நகர்த்திய பிறகு, முழு வரைபடத்தையும் திரையில் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள். மனை ஒரு புள்ளியாகச் சுருங்கினால் எங்கோ தொலைவில் ஓர் உதிரிப் பொருள் கிடக்கிறது. தேடி அழிக்காமல் விடாதீர்கள்.

ரெவிட்டில் விதி இன்னும் கண்டிப்பானது: உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள்தான் மாடல் இருக்க வேண்டும். நம் சர்வே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. மூல டிடபிள்யூஜி (ஆட்டோகேட்) ஃபைலை இம்போர்ட் செய்யாமல் லிங்க் செய்து, சென்டர் டு சென்டர் தேர்ந்தெடுத்து, மனையைச் சரியான இடத்துக்கு நகர்த்தியபின் அந்த ஃபைலின் ஆயத்தொலைவை எடுத்துக்கொள்ளும் அக்வயர் கோஆர்டினேட்ஸ் கொடுத்தால் ரெவிட் எண்ணும் சர்வே எண்ணும் ஒத்துப்போகும்.

அடுத்து மெமரி. நாலு அறை வீட்டு பிளான் 60 எம்பி இருந்தால் அது வரைபடத்தின் எடை அல்ல, குப்பை. கைமாறி கைமாறி வந்த ஃபைல்களில் டிஜிஎன் லைன்டைப் (வேறு மென்பொருளிலிருந்து வந்த கோட்டு வகை) மிச்சங்கள், ரெக்ஆப்கள் (பிற செயலிகள் விட்டுச்சென்ற பெயர்ப் பதிவுகள்), ஆயிரக்கணக்கான ஸ்கேல் பட்டியல் சேர்ந்துவிடும். காப்பி பேஸ்ட் செய்தாலே அடுத்த ஃபைலுக்கும் தொற்றும். பயன்படாததை நீக்கும் வழக்கமான பர்ஜ் சன்னலை மட்டும் நம்பாதீர்கள். முன்னால் சிறு கோடு போட்டு -பர்ஜ் என அடித்து ரெக்ஆப் தேர்வையும், பிறகு ஆர்ஃபன்ட் டேட்டா தேர்வையும் ஓட்டுங்கள். -ஸ்கேல்லிஸ்ட்எடிட் கொடுத்து ரீசெட், கடைசியில் ஃபைல் பிழைகளைத் திருத்தும் ஆடிட். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில் நல்ல கருவிதான். ஆனால் சர்வே லேயரில் டாலரன்ஸ் (எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்றாகக் கருதலாம் என்ற அளவு) பார்க்காமல் ஓட்டினால் அளவே மாறிவிடும்.

ரெவிட்டுக்கு ஃபைல் அளவைப்போல் சுமார் இருபது மடங்கு ராம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு: 300 எம்பி மாடலுக்கு 6 ஜிபி. 8 ஜிபி லேப்டாப்பில் ஆன்போர்டு கிராஃபிக்ஸும் அதிலிருந்தே பங்கு எடுக்கும், விண்டோஸும் எடுக்கும், மிஞ்சுவது போதாது. இங்கே 16 ஜிபிக்குக் குறைவாக வாங்குவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. ஒரே ஸ்டிக்காக இல்லாமல் 8, 8 என்று இரண்டாகப் போட்டால் ஆன்போர்டு கிராஃபிக்ஸின் வேகமும் கூடும். தனி கார்டு உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் இரண்டு மென்பொருளையும் ஹை பெர்ஃபார்மன்ஸ் என மாற்றிவிடுங்கள்.

எல்லாம் செய்தும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஃபைலில், வெவ்வேறு கட்டளையில் மென்பொருள் மூடிக்கொண்டால் உப்புக் காற்றைச் சந்தேகியுங்கள். சன்னல் திறந்தே கிடக்கும் அறையில் ராம் ஸ்லாட்டின் ஊசிகளில் பச்சை படியும். மின்சாரத்தைத் துண்டித்து ஸ்டிக்கைக் கழற்றி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பொன்னிற முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். அழிரப்பர் வேண்டாம், பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டில் விழும். பிறகு ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள், ஸ்லாட்டை மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கை மாற்ற வேண்டும். ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டைப் பார்க்க வேண்டும்.