பழைய மேசைக் கணினிக்கு முதல் செலவு: குரூஷியல் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி

2012இல் வெளிவந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 போன்ற கணினிகள், பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பிறகும், வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிலுள்ள மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 செயலி தட்டச்சுக்கும் கணக்குக்கும் இணையத்துக்கும் இன்றைக்கும் போதுமானதே. தாமதம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது. சுழலும் தட்டில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அதன் முனை நகர்ந்து நகர்ந்து தேடிப் படிக்கும்வரை செயலி வேலையின்றிக் காத்திருக்கிறது. ஆகவே, கையிருப்பு குறைவென்றால் முதலில், சுழலும் பாகமின்றிச் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அப்படி நான் வாங்கிப் பொருத்தியது 240 ஜிபி குரூஷியல் பிஎக்ஸ்500. இது 2.5 அங்குல அளவில், ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் அதே சாட்டா இணைப்பில் செருகும் வகை. நொடிக்கு 540 எம்பி வரை படிக்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. சாட்டாவின் உச்சவரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதாலும், அக்கால மதர்போர்டில், வேகமான புதுவகை எஸ்எஸ்டிகளைச் செருகும் எம்.2 இடம் இல்லாததாலும், இதைவிட வேகமானதைத் தேடிப் பயனில்லை. ஆனால் இந்தக் கணினியின் மதர்போர்டிலுள்ள க்யூ77 சிப்செட்டில் (கட்டுப்பாட்டுச் சில்லில்) இரண்டு சாட்டா போர்ட்டுகள் மட்டுமே 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை. கையேட்டைப் பார்த்து அவற்றில் ஒன்றில் செருகாவிட்டால் பாதி வேகமே கிடைக்கும். பொருத்திய பின் கணினி திறக்கும் வேகத்திலும் உலாவி விரியும் வேகத்திலும் தெரிந்த மாற்றம், கொடுத்த விலைக்கு மிக அதிகம்.

குறையும் உண்டு. இதில் டிராம் எனும் தற்காலிக நினைவகச் சில்லு இல்லை. பெரிய வீடியோ கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் வெகுவாகச் சரியும் வடிவமைப்பு இது. காணொளித் தொகுப்பாளர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி, மொத்தம் 80 டிபி (80,000 ஜிபி) வரை எழுதலாம் என்ற ஆயுள் வரம்பு, நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் பத்தாண்டுகளைத் தாண்டும், உத்தரவாதம் மூன்றாண்டு. படங்களுக்கும் பாடல்களுக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே விட்டுவைக்கலாம்.

ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால், அடுத்த செலவாக இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 சேர்ப்பது அவசியம். சென்னை ரிச்சி தெருவில் பழையதாகவே வாங்கலாம்.

விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸுக்கு மாற்றாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இந்தக் கணினியில் தடையின்றி ஓடுகிறது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துவோர் மட்டும், இதில் மேலும் பணம் போடாமல், எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட பழைய கணினி ஒன்றைத் தேடுவது நல்லது. இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.