மாதிரிப் படத்தைப் பார்த்து ஃபாண்ட் வாங்கி ஏமாந்த கதை

சான்றிதழ்களில் ஆங்கிலப் பெயர்கள் அச்சிட, பேனாவால் சுழித்து எழுதியதுபோல ஒரு ஸ்கிரிப்ட் ஃபாண்ட் தேடினேன். ஓர் இணையக் கடையில் கண்ட மாதிரிப் படம் ஆளை மயக்கியது. பெரிய எழுத்துகளில் கொடிபோன்ற சுழிகள், கடைசி எழுத்தில் நீண்ட வால். காசு கட்டிவிட்டேன்.

ஃபாண்டை நிறுவி 'ஜார்ஜ்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். சுழியும் இல்லை, வாலும் இல்லை. அதைவிட மோசம், 'ஓ'வுக்கும் 'ஆர்'க்கும் நடுவே பல் விழுந்ததுபோல ஓர் இடைவெளி. கூட்டெழுத்தில் 'ஓ'வின் கோடு மேலே முடியும். மற்ற எழுத்துகளோ கீழிருந்து தொடங்கும். அதனால் 'ஓ' (o), 'பி' (b), 'வி' (v) எழுத்துகளுக்குப் பின் வருவதற்கென்று மாற்று வடிவங்கள் வரைந்து, அவை தானாக மாறும்படி ஃபாண்ட் கோப்புக்குள் ஓப்பன்டைப் எனும் முறையில் விதியும் எழுத வேண்டும். ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப் வடிவமைத்து 1998இல் வந்த ஸாப்ஃபினோ என்ற ஸ்கிரிப்ட் ஃபாண்டில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. ஆப்பிளின் மேக் கணினியில் இருக்கும் பதிப்பில் அதன் பெயரையே அடித்துப் பாருங்கள், முழுச் சொல்லும் ஒரே சித்திரமாக மாறும். நான் வாங்கியதில் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள், ஒரு கைப்பிடி நிறுத்தக்குறிகள். அவ்வளவுதான். மாதிரிப் படம் தட்டச்சு செய்ததே அல்ல, தனியாக வரைந்தது!

பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள் வளைவு நெடுக எறும்பு வரிசைபோல. ஒழுங்காக வரைந்த எழுத்தில் வளைவின் உச்சிகளில் சில புள்ளிகளே போதும். இது எதையோ ஸ்கேன் செய்து மென்பொருளை வைத்து டிரேஸ் பண்ணியது.

விற்றவருக்கு எழுதினேன். "சுழிகள் தனிக் கோப்பு, அதற்குத் தனிக் கட்டணம்" என்றார். சரி, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாதாம். அப்புறம்தான் ஜிப்புக்குள் கிடந்த உரைக் கோப்பைத் திறந்தேன்: தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்.

வாங்குமுன் உங்கள் சொல்லை நீங்களே அடித்துப் பார்க்கும் பெட்டி அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். உரிமத்தையும் காசு கட்டுமுன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வணிக உரிமத்துக்கு இன்னொரு முறை அழுதேன். வேறு ஃபாண்ட் தேட நேரமில்லை. 42 பெயர்களையும் அவுட்லைனாக, அதாவது இழுத்துத் திருத்தக்கூடிய கோட்டு வடிவங்களாக மாற்றி, ஒவ்வோர் இணைப்பையும் மவுஸால் இழுத்து ஒட்டினேன். அதில் 11 பெயர்களில் 'ஓ'வுக்குப் பின் 'ஆர்'.