படத்துக்கு ஒரு காசு: டூப்ளிகேட்டை நீக்கக் கடையில் கொடுத்த டிஸ்க்

பழைய போட்டோக்களில் டூப்ளிகேட்டை நீக்கி டிஸ்கில் இடம் பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கூலியை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். அழிக்கும் படத்துக்கு இவ்வளவு என்று பதில் வந்தால் டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடை பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. பெயரைப் போட முடியாது. பிறகு நடந்த சமரசத்தில், கடையின் பெயரை வெளியிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

எங்கள் வீட்டுப் படங்கள் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. சுமார் 86,000 படங்கள், 330 ஜிகாபைட். 2005-இல் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் தொடங்கி கல்யாணம், காதுகுத்து, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்று சேர்ந்துகொண்டே போனது. இதில் பாதி என் வீட்டுக்காரரின் தைப்பூசப் படங்கள். ரதம் கிளம்பும் நாளில் நிக்கான் கேமராவைத் தூக்கிக்கொண்டு டத்தோ கெராமாட் சாலையில் போய் நின்றால், ரதம் தாண்டிப் போகும்வரை மனிதர் அசைய மாட்டார். போன் மாற்றும்போதெல்லாம் பழைய போனில் இருந்ததை அப்படியே மறுபடி டிஸ்கில் கொட்டினோம். வாட்சப்பில் வந்ததையும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தார்கள். டூப்ளிகேட் நிறைய இருந்தது உண்மைதான், மறுக்கவில்லை.

கடையில் இருந்த தம்பி சொன்ன விலை: டிஸ்கைப் பார்க்க 80 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு டூப்ளிகேட்டுக்கும் ஒரு காசு (சென்). "வேலை நடந்தாத்தானே காசு, அக்கா. டூப்ளிகேட் இல்லேன்னா ஒண்ணும் வாங்க மாட்டோம்." கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருந்தது. நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். எதையும் அழிக்க வேண்டாம், டூப்ளிகேட் என்று தோன்றுவதை ஒரு தனி ஃபோல்டரில் ஒதுக்கி வையுங்கள், வீட்டில் பார்த்துவிட்டு நானே அழித்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்று ரசீதிலேயே மலாயில் எழுதினார்: 'ஜாங்ஙான் பாடாம் டூலு', இப்போதைக்கு அழிக்காதே என்று. இந்த ஒரு வரிதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

டிஸ்க் திரும்பி வந்தபோது அதில் 140 ஜிகாபைட்தான் இருந்தது. பில் 492 வெள்ளி. 41,200 டூப்ளிகேட்டுக்கு 412, பார்த்ததற்கு 80. ஒதுக்கி வைத்த ஃபோல்டர் எங்கே தம்பி என்று கேட்டேன். "அது சும்மா இடத்தை அடைக்கும்னு எடுத்துட்டோம்க்கா. எல்லாம் டூப்ளிகேட்தான், கவலைப்படாதீங்க லா." தொகையும் பெரிது, கவுண்டரில் வரிசையும் நீளம். ரசீதில் 'ஆட்சேபத்துடன் கட்டினேன்' என்று எழுதி, கட்டிவிட்டு வந்தேன்.

2018 நடுவில் இதே டிஸ்கின் முழு நகல் ஒன்றைப் பட்டர்வொர்த்தில் நாத்தனார் வீட்டில் கொடுத்து வைத்திருந்தோம். அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என்னென்ன போயிருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் தைப்பூசம். 2017-இல்தான் பினாங்கில் தங்க ரதம் முதல்முறையாக ஊர்வலம் வந்தது. அந்த வருடம் வீட்டுக்காரர் எடுத்தது 640 படங்கள். கடையிலிருந்து வந்த டிஸ்கில் 58. ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதை அவர் தொடர் படமாக எடுப்பார், ஒரு நொடியில் ஐந்தாறு விழும். தேங்காய் கையில், தேங்காய் தலைக்கு மேலே, தரையில் பட்ட நொடி, சிதறிப் பறக்கும் ஓடு, பின்னால் ஒதுங்கும் சீனக் கிழவர். இதில் ஒவ்வொரு வரிசையிலும் முதல் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதாவது, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆட்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று அக்கா மகன் விளக்கினான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன். ஒன்றுபோல இருக்கும் படங்களைத் தேடும் மென்பொருள் படத்தை நாம் பார்ப்பதுபோலப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் பக்கத்துக்கு எட்டு ஒன்பது புள்ளிகளே உள்ள ஒரு சின்னச் சாம்பல் நிறக் கட்டமாகச் சுருக்கிவிடும். பிறகு எந்தப் புள்ளி வெளிச்சம், எது இருட்டு என்று 64 பிட்டுகளாகக் குறித்து வைத்து, இரண்டு படத்துக்கும் எத்தனை பிட் மாறுகிறது என்று எண்ணும். அந்த அளவுக்குச் சுருக்கினால் சிதறும் தேங்காய் எங்கே தெரியும்? சாலையும் கூட்டமும் ரதமும் அப்படியே இருப்பதால் ஐந்து படமும் ஒன்றுதான் என்று சொல்லிவிடும். எவ்வளவு வித்தியாசம் வரை 'ஒன்று' என்று கொள்ளலாம் என்பதை மென்பொருளை ஓட்டுகிறவர்தான் வைக்கிறார். படத்துக்கு ஒரு காசு வாங்குகிறவர் அதை எந்தப் பக்கம் நகர்த்துவார்?

அடுத்தது இன்னும் மோசம். நிக்கான் கேமரா படத்துக்கு DSC என்று எழுத்துப் போட்டு நாலு இலக்க எண் கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் சொன்னால் டிஎஸ்சி 0001, 0002 என்று போகும். 9999 வந்ததும் மறுபடி 0001. எங்கள் கேமரா பல சுற்று சுற்றிவிட்டது. அதனால் 2013-இல் நடந்த ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றும் படமும் 2016-இல் லங்காவி கடற்கரையில் எடுத்த படமும் ஒரே பெயரில் இருந்தன. மாலை மாற்றும் படங்களைக் காணோம், கடற்கரை இருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். 4410-இலிருந்து வரிசையாக அறுபதுக்கு மேல் அப்படிப் போயிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெயரை மட்டும் ஒப்பிட்டு அழித்திருக்கிறார்கள். இந்த வேலைக்கான மென்பொருள்கள் சிலவற்றில் பெயரை வைத்துத் தேடும் முறையும் உண்டு. பாட்டு, ஆவணம் போன்றவற்றுக்கு அது உதவலாம். கேமராப் படத்துக்கு அதைப் போடுவது அநியாயம்.

நிக்கானின் நெஃப் கோப்புகளும் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் 'ரா' கோப்புகள்) இதே கணக்கில் போயின. ஒரே படத்துக்குக் கேமரா நெஃப் ஒன்றும் ஜேபெக் ஒன்றும் ஒரே பெயரில் எழுதும். நெஃப்தான் மூலம், அளவும் பெரிது. "உங்களுக்கு எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு பாருங்கக்கா" என்று அந்தத் தம்பி பெருமையாகக் காட்டிய இடத்தில் பெரும்பகுதி இதுதான்.

வாட்சப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்த மூலப் படம் நாலு மெகாபைட். அதையே வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் நசுக்கி, 200 கிலோபைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். எடுத்த நேரம், இடம், கேமரா விவரம் எல்லாவற்றையும் உருவிவிடும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதால் மென்பொருள் ஜோடி சேர்த்துக் காட்டும். எதை வைத்துக்கொள்வது என்பது நம் முடிவு. கடையில் 'சிறியதை வைத்துக்கொள்' என்று வைத்துவிட்டார்கள் போல. 2019 ஜனவரி 21 தைப்பூசத்தில் எங்கள் குடும்பம் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறிய படங்களில் இன்று எங்களிடம் இருப்பவை வாட்சப் நகல்கள்தான். அந்த நாளுக்குப் பட்டர்வொர்த் டிஸ்கிலும் நகல் கிடையாது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி வந்தார். மன்னிப்பு எல்லாம் இல்லை. "ரிக்கவரி பண்ணலாம், 1,200 வெள்ளி ஆகும், கேரண்டி கிடையாது" என்றார். தொலைத்தவரே கண்டுபிடித்துத் தரக் கூலி கேட்கிறார்! டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, அக்கா மகனிடம் கொடுத்தேன்.

அவன் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால் அதன் முகவரிதான் போகிறது. அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை உள்ளடக்கம் கிடக்கும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) என்றால் இந்த நம்பிக்கையும் வேண்டாம், அழித்த இடத்தை அதுவே துடைத்துக்கொள்ளும். எங்களுடையது பழைய சுழலும் டிஸ்க் என்பதால் சில ஆயிரம் படங்கள் மீண்டன. பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, எஃப் என்று தொடங்கும் நீள எண்கள்தான். மற்றவை மீளாததற்குக் காரணத்தையும் அவன் கண்டுபிடித்தான். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, எங்கள் டிஸ்கை ஃபார்மட் செய்து, மிச்சப் படங்களை வருட வாரியாக மறுபடி அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த 140 ஜிகாபைட் விழுந்த இடத்தில் இருந்ததெல்லாம் போனது போனதுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு. எங்கள் 86,000 படங்களும் முழுசாக அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்திருக்கின்றன. அப்படியானால் 1,200 வெள்ளிக்கு எதை ரிக்கவரி செய்வதாக இருந்தார்கள்? நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. கேட்டதற்கு 'அப்பவே அழிச்சிட்டோம்' என்றார்கள். பெண்பிள்ளைகள் படம், ஐசி (அடையாள) அட்டைப் படம், ஆஸ்பத்திரித் தாள் என்று எது எது அதில் இருந்தது என்று நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

மலேசியப் பயனீட்டாளர் (நுகர்வோர்) கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, பிரச்சினை நடந்து மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீதின் அடியில் 'டேட்டா இழப்புக்குக் கடை பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பலர் என்னைத் தடுத்தார்கள். ஆனால் சேவை செய்கிறவர் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். கடை தன் இஷ்டத்துக்கு ஒரு வரி அச்சடித்து அதை ரத்து செய்ய முடியாது. மேலே அந்தக் கடைத் தம்பி கைப்பட எழுதிய 'ஜாங்ஙான் பாடாம் டூலு' வேறு இருந்தது.

கூடவே ஒரு கணக்கும் கொடுத்தேன். பட்டர்வொர்த் டிஸ்கில் இருந்த 70,000 படங்களையும் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிட்டோம். ஒரு பைட் கூட மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. ஒரு படத்தைத் திருப்பிச் சேமித்திருந்தால்கூட அதை ஒன்று என்று சொல்லாது. அப்படித் தேடியதில் உண்மையான டூப்ளிகேட் சுமார் 12,000. இதே 70,000-இல் கடை அழித்தது ஏறக்குறைய 33,000. விசாரணை நாளுக்கு முன்பே முதலாளி போன் செய்தார். 492 வெள்ளியும் மேற்கொண்டு ஒரு தொகையும் வந்தது, எங்கள் படம் எதையும் வைத்திருக்கவில்லை என்று எழுத்திலும் வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்குக் கடையே தேவையில்லை என்பது என் கருத்து. டூப்குரு என்ற இலவச மென்பொருளே போதும். உள்ளடக்கத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள். மூலப் படங்கள் உள்ள ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால் அதில் எதையும் அழிக்க அது விடாது. அழிப்பதற்குப் பதில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் வசதியும் உண்டு. ஒன்றுபோல இருப்பவற்றை, தொடர் படங்களை, மென்பொருள் காட்டட்டும். எதை எடுப்பது என்று உட்கார்ந்து கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் இன்னும் 2011-ஐத் தாண்டவில்லை, அவசரமும் இல்லை.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் மூல டிஸ்கைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். மொத்தக் கூலி பேசுங்கள். 'அழிக்கக் கூடாது, ஃபார்மட் செய்யக் கூடாது, கடைக் கம்ப்யூட்டரில் நகல் இருக்கக் கூடாது' என்று மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே டிஸ்கைத் திறந்து, ஒதுக்கி வைத்த ஃபோல்டரைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் அந்த டிஸ்கில் ஒரு படம்கூடப் புதிதாக ஏற்றாமல், மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டாமல், ரிக்கவரி தெரிந்த வேறு ஆளிடம் கொண்டுபோங்கள்.