லீகல் எய்டு ஆபீஸுக்கு அத்தையோடு

இந்த முறை ஊருக்குப் போனது சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு. 18 நாள் லீவு. அதில் 4 நாள் கோர்ட் வளாகத்திலேயே போய்விட்டது.

பந்தியில்தான் விஷயம் காதுக்கு வந்தது. அத்தைக்கு 71 வயது. மாமா போன பிறகு வீட்டைச் சின்ன மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகையில் தனிச் சமையல். மாத்திரைக்குக் காசு கேட்டால் "பெரியவன்கிட்ட கேளு" என்று பதில். இதைச் சொன்னது அத்தை இல்லை, பக்கத்து இலையில் இருந்த பெரியம்மா. அத்தை தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். அங்கே நான் முந்திக்கொண்டு பேசியதுதான் தப்பு. "சார் எங்க இருக்கீங்க?" என்றார். "சிங்கப்பூர்" என்றேன். 40,000 ரூபாய், அதில் பாதி இப்போதே, கேஸ் எத்தனை வருஷம் போகும் என்று சொல்ல முடியாது என்றார். படி இறங்கும்போது அத்தை சொன்னார்: "என் கருமாதிக்கே அவ்வளவு ஆகாதுடா."

வழி காட்டியது கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர். பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டே, "பொம்பளைங்களுக்கு ஃப்ரீயா வக்கீல் தர்றாங்களே, உள்ள போய்ப் பாருங்க" என்றார். உள்ளே போய் "மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே" என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் முழித்தார்கள். "லீகல் எய்டு" என்றதும் டீ விற்பவர் கையை நீட்டிவிட்டார். மரத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி. பலகை பெரிதாகத்தான் இருக்கிறது, அதன் முன்னால்தான் எல்லா பைக்கையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

முதல் நாள் அலைச்சல்தான். அன்றைக்கு முறை இருந்த வக்கீல் வரவில்லை. மேஜையில் இருந்தவர் வருமானச் சான்றிதழ் கேட்டார். இ-சேவை மையத்துக்கு வெயிலில் கிளம்பியவர்களை, அங்கே உட்கார்ந்திருந்த சட்டத் தன்னார்வலர் அம்மா ஒருவர் தடுத்து நிறுத்தினார். "இவங்க பெண். இவங்களுக்கு எதுக்கு வருமானச் சான்று?" சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12 அவருக்கு மனப்பாடம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானக் கணக்கே கிடையாது. மற்றவர்களுக்குத்தான் உச்சவரம்பு. சிங்கப்பூரில் அரசாங்கச் சட்ட உதவி வேண்டுமென்றால் வருமானம், சேமிப்பு எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த நினைப்பில், நான் சம்பாதிப்பதைக் காரணம் காட்டி அத்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்திருந்தேன். என்னை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மனு அத்தையுடையது, கையெழுத்து அத்தையுடையது. நான் பை தூக்கிக்கொண்டு போனவன். அப்படி இருந்ததால்தான் வேலை நடந்தது என்பது என் எண்ணம்.

இரண்டாம் நாள் இருந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு வக்கீல் பெண். பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். "என்னை என் ஆயுள் உள்ளவரை வைத்துப் பராமரித்து வரவேண்டியது" என்ற இடத்தில் விரலை வைத்தார். பத்திரம் எழுதியவர் பழக்கத்தில் போட்ட வரியாக இருக்கும். அதுதான் இப்போது அத்தைக்குப் பிடிமானம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதும். முடியாதவர்களுக்காக, பதிவு பெற்ற ஒரு தொண்டு அமைப்பும் கொடுக்கலாம். 40,000 சொன்னவர் ஆர்டிஓ என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் அத்தை ஒரே பிடியாக, "ரத்து எல்லாம் வேணாம்மா. பெத்த புள்ள மேல கேஸ் போட்டேன்னு ஊர்ல பேசுவாங்க" என்றார். வக்கீல் வற்புறுத்தவில்லை. கேஸே போடாமல் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் அதே ஆபீஸில் வழி உண்டாம். பேசி முடிவானால் அதை மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பதிவு செய்வார்கள், அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்டணமும் கிடையாது. "முதல்ல கூப்பிட்டுப் பாப்போம். வரலைன்னா ஆர்டிஓ" என்று மனுவை அவரே எழுதினார். எங்களுக்கு ஆன செலவு ஆதார் நகல், போட்டோ, நடுவில் குடித்த டீ.

மச்சான் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். அந்த ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி. கோர்ட் முத்திரையோடு கடிதம் வந்ததில் ஆள் ஆடிப்போயிருந்தான். சின்ன அறை, நான்கு நாற்காலி, என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். முதலில் சத்தம் கேட்டது, அப்புறம் அழுகை. யார் அழுதது என்று அத்தை இன்றுவரை சொல்லவில்லை. சாமி மாடம் இருக்கிற முன் அறை அத்தைக்கு, மாத்திரைச் செலவுக்கு மாதம் 3,000 ரூபாய் என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. வீட்டை விற்கக் கூடாது என்பதில் இழுபறி. அதற்கு அடுத்த தேதி கொடுத்தார்கள். அது என் ஃபிளைட்டுக்குப் பிறகு.

வெளிநாட்டிலிருந்து வீட்டு விஷயத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: 15100 என்ற இலவச எண் இந்தச் சட்ட உதவிக்குத்தான். ஊரில் இருப்பவரை அதில் பேசச் சொல்லுங்கள், அல்லது மாவட்ட கோர்ட் வளாகத்துக்கு நேரே போகச் சொல்லுங்கள். நீங்களே கூடப் போனால் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

போன வாரம் அத்தை போன் பண்ணினார். முன் அறைக்கு வந்தாயிற்று. விற்கிற விஷயம் இன்னும் முடியவில்லை, மறுபடி தேதி. "பத்திரம் பத்திரமா இருக்கு, நீ கவலப்படாத" என்றவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த வக்கீல் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிச்சியா? நம்ம பெரியவன் மகனுக்குப் பாக்கலாம்ல" என்றார்.