மெட்ரோவுக்கு வழி காட்டுவதாகச் சொல்லி மாதாமாதம் பணம் எடுக்கும் செயலி: வேலூர்ப் பக்கத்து மக்கள் கவனத்துக்கு

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்திலிருந்து எப்போதாவது சென்னைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சென்னை மெட்ரோ ரயிலில் எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்று தெரிந்துகொள்ளக் கைபேசியில் ஒரு செயலியைத் தேடுவீர்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது மெட்ரோ நிறுவனத்தின் செயலியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எங்களுக்கு முதலில் வந்தது வேறொன்று. அது இரண்டு விதத்தில் எங்களைக் கெடுத்தது. இல்லாத ரயிலுக்கு வழி சொன்னது. பிறகு மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்தது.

சென்ற 2025 ஆகஸ்டில் என் அத்தை கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். குடியாத்தத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர், முதல் விமானப் பயணம். இரவு விமானம் என்பதால் வேலூரிலிருந்து மதியம் பஸ் ஏறி, சென்னைக்குள் மெட்ரோவில் விமான நிலையம் போய்விடலாம் என்று திட்டம். காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம் என்று அத்தையே சொன்னார்.

செயலியின் முகப்பில் மெட்ரோ ரயிலின் படம், மெட்ரோவின் நீல நிறம், பெயரின் தொடக்கத்தில் சென்னை, நான்கரை நட்சத்திரம். செயலிகள் கிடைக்கும் பிளே ஸ்டோரில் தேடும்போது அது மேலே வந்ததற்குக் காரணம் விளம்பரம். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டிருக்கிறது. வேலூரிலிருந்து விமான நிலையம் என்று கேட்டவுடன் அது தயங்காமல் வழி தந்தது: பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கவும், அங்கே மெட்ரோ ஏறவும், வடபழனியில் பச்சை வழித்தடத்துக்கு மாறவும், ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறவும். ரயில் புறப்படும் நேரம், நடைமேடை எண் எல்லாம் இருந்தன. வழியை முழுவதும் பார்க்க 2 ரூபாய் கட்டு என்றது.

பூந்தமல்லியில் இறங்கினோம். தலைக்கு மேலே பாலம் இருந்தது, நிலையக் கட்டடம் இருந்தது, ரயில் மட்டும் இல்லை. தடுப்புக்குப் பின்னால் நின்ற காவலாளி, "இன்னும் மக்களுக்குத் திறக்கவில்லை அம்மா, சோதனை ஓட்டம்தான் நடக்கிறது" என்றார். அவர் சொன்னதே உண்மை. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான வழித்தடம் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட அந்த இரண்டாம் கட்டத்தில், பூந்தமல்லிப் பகுதியில் 2025 மார்ச்சில்தான் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. நாங்கள் போன அன்று ஓடிக்கொண்டிருந்தவை முதல் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் மட்டுமே: விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை போகும் நீல வழித்தடம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை போகும் பச்சை வழித்தடம். இரண்டும் சேர்ந்து சுமார் 54 கிலோமீட்டர். இரண்டும் சந்திக்கும் இடங்கள் சென்ட்ரலும் ஆலந்தூரும்.

இதில் என்ன நடந்திருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கட்டப்படப்போகும் வழித்தடங்களின் வரைபடம் பல வருடங்களாக எல்லோருக்கும் கிடைக்கிறது. அந்த வரைபடத்தை எடுத்து, ஓடுகிற ரயில் என்று செயலியில் ஏற்றிவிட்டார்கள். புறப்படும் நேரத்தைக் கற்பனையாகப் போட்டார்கள். சென்னையில் வாழ்கிறவர் ஒருவர்கூட இதில் ஏமாற மாட்டார். தினமும் அந்தத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவருக்கு எது திறந்திருக்கிறது என்று தெரியும். ஏமாறுகிறவர்கள் நம்மைப் போல் வெளியூரிலிருந்து மூட்டையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள்தான். யாருக்கு வழி தெரியாதோ அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பொய் வழி சொல்வதை எப்படி மன்னிப்பது?

அந்த மாலையில் பூந்தமல்லியிலிருந்து விமான நிலையம் வரை வாடகைக் கார் பிடித்தோம். போரூர் தாண்டுவதற்குள் அத்தை மூன்று தெய்வங்களுக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். மெட்ரோ வேலைக்காகச் சாலை குறுகிக் கிடந்தது, வண்டிகள் நகரவே இல்லை. வெளிநாட்டு விமானங்களுக்குப் பயணப் பதிவை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். மூடுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். பேத்திக்காக ஆற்காட்டில் சொல்லி வாங்கிய மக்கன் பேடா டப்பாவை அவசரத்தில் காரிலேயே விட்டுவிட்டார். உள்ளே போகும்போது அதைச் சொல்லித்தான் கண் கலங்கினார்.

எளிய வழி ஒன்று கண் முன்னே இருந்தது. வேலூரிலிருந்து வந்த அரசுப் பஸ்ஸில் பூந்தமல்லியில் இறங்காமல் கோயம்பேடு வரை உட்கார்ந்திருந்தால், பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம். அங்கே பச்சை வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம். காட்பாடியில் ரயில் ஏறுகிறவர்களுக்கு இன்னும் எளிது: சென்ட்ரலில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியே மெட்ரோ நிலையத்துக்குப் போய், நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமலே விமான நிலையம். இந்த இரண்டு வரியை இலவசமாகச் சொல்லியிருந்தால் போதும்.

எங்களோடு இது முடியவில்லை. காட்பாடி காந்தி நகரில் இருக்கும் தெரிந்தவர் மகளுக்குத் தேனாம்பேட்டையில் வேலைக்கான நேர்காணல். அதே செயலி அவளைப் பெரம்பூரில் இறங்கி மெட்ரோ ஏறச் சொல்லியிருக்கிறது. காட்பாடியிலிருந்து போகும் பல ரயில்கள் பெரம்பூரில் நிற்கும், ஆகவே பார்க்க நம்பும்படியாகத்தான் இருக்கும். ஆனால் பெரம்பூர் மெட்ரோவும் இரண்டாம் கட்டம். அப்போது அங்கே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் நேர்காணலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். வேலை கிடைக்கவில்லை. தாமதத்தால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வியர்த்து ஓடிப்போய் உட்கார்ந்தவள் எப்படிப் பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். 2 ரூபாய் என்று சொன்னார்கள் அல்லவா? அது வழியின் விலை அல்ல. சில நாள் கழித்து என் கணக்கிலிருந்து 499 ரூபாய் போனது. அடுத்த மாதமும் அதே தொகை. வங்கியிலிருந்து முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி வரத்தான் செய்தது. தானாகப் பிடிக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் செய்தியில் இருந்த பெயர் செயலியின் பெயர் அல்ல. கேள்விப்படாத வேறு ஏதோ நிறுவனத்தின் பெயர். அதைப் பார்த்து மெட்ரோ செயலியோடு யார் முடிச்சுப் போடுவார்கள்?

யூபிஐ-யில் ஆட்டோபே என்ற வசதி இருக்கிறது. மாதத் தவணை, மின்கட்டணம் போன்றவற்றைத் தானாகக் கட்டுவதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஒருமுறை ரகசிய எண் போட்டு அனுமதி தந்துவிட்டால், சாதாரணமாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு மாதமும் திரும்ப எண் கேட்காது. இந்த வசதியைத்தான் இவர்கள் நமக்கு எதிராகத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். திரையில் பெரிதாக 2 ரூபாய். அதன் கீழே, மங்கிய எழுத்தில், மாதந்தோறும் 499 ரூபாய் வரை எடுக்க அனுமதி என்றும், பல ஆண்டுகள் தள்ளி ஒரு முடிவு தேதியும். அவசரமாகப் புறப்படும் வீட்டில் அந்தப் பொடி எழுத்து யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே எந்தச் செயலி 1 ரூபாய், 2 ரூபாய் கேட்டாலும், ரகசிய எண் போடும் திரையில் அதிகபட்சத் தொகை, கால இடைவெளி, முடிவு தேதி என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒருமுறை கட்டணம் அல்ல.

செயலியை அழித்துவிட்டால் பணம் போவது நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. அனுமதி செயலியில் இல்லை, உங்கள் வங்கியிடம் இருக்கிறது. நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யூபிஐ செயலியைத் திறந்து, ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால், நடப்பில் இருக்கும் அனுமதிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அங்கே ரத்து செய்ய வேண்டும். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் அதன் சந்தாப் பகுதியில் தனியாக ரத்து செய்ய வேண்டும். வீட்டில் பெரியவர்களின் கைபேசியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். என் மைத்துனர் பார்த்தபோது அவருடைய அம்மாவின் கணக்கில் வேறொரு செயலி இதேபோல் உட்கார்ந்திருந்தது.

டிக்கெட்டிலும் இவர்கள் கை வைக்கிறார்கள். அந்தக் காந்தி நகர்ப் பெண்ணிடம் ஒரு டிக்கெட்டுக்கு, வசதிக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று சேர்த்து 96 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அவள் பயணம் செய்த காலத்தில் சென்னை மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், எங்கிருந்து எங்கே போனாலும் அதிகபட்சம் 50 ரூபாய். க்யூஆர் டிக்கெட்டிலும் பயண அட்டையிலும் அதற்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. கட்டணப் பட்டியலில் இருக்கும் மிகப் பெரிய தொகையையே தாண்டி ஒரு செயலி டிக்கெட் விற்றால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மெட்ரோவுக்கு வழி பார்க்கவும் டிக்கெட் எடுக்கவும் சந்தா எதுவும் தேவையே இல்லை. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. அதற்கென்று சொந்தச் செயலி இருக்கிறது, நிலையங்களையும் கட்டணத்தையும் இலவசமாகவே காட்டும். 2023 முதல் வாட்ஸ்அப்பிலும் டிக்கெட் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் என்ற அரசுச் செயலியில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்தே வழி பார்த்து டிக்கெட் வாங்கலாம். பிளே ஸ்டோரில் பதிவிறக்கும்போது செயலியின் பெயரைப் பார்க்காதீர்கள், அதை வெளியிட்டவர் யார் என்பதைப் பாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நட்சத்திரங்களையும் நம்பாதீர்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் அண்மையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். எங்கள் கதையே அங்கே வேறு வேறு ஊர்க்காரர்கள் வாயால் கிடந்தது.

கைபேசி வேண்டாம் என்கிறவர்கள் நிலையத்தில் கவுன்டருக்குப் போய், போகும் இடத்தைச் சொன்னால் போதும். எங்கே மாற வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். திரும்பி வரும்போது நான் அப்படித்தான் வந்தேன்.

இன்னொரு பொறி இருக்கிறது. பணம் போன ஆத்திரத்தில், அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடினேன். கிடைத்த எண்ணில் பேசியவர் மிக மரியாதையாக, பணத்தைத் திருப்பித் தர வேறொரு செயலியை இறக்குங்கள், உங்கள் திரை எனக்குத் தெரிய வேண்டும் என்றார். உடனே துண்டித்தேன். திரையைக் காட்டினால் ரகசிய எண்ணும் ஓடிபியும் அவர் கண் முன்னே இருக்கும். ஏமாந்தவர்கள் என்ன தேடுவார்கள் என்று கணக்குப் போட்டு, இரண்டாவது முறை ஏமாற்ற ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இப்படிப் பணத்தை இழந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

சந்தாப் பணத்துக்காக நான் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுத்தேன். ஒரு மாதத் தொகை திரும்பி வந்தது, நல்லெண்ணத்தில் தருகிறோம் என்று ஒரு கடிதத்தோடு. மற்றது வரவில்லை. நல்லெண்ணம் எனக்கு வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், திரையில் செய்யப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. சந்தாவில் சிக்க வைத்து வெளியேற விடாமல் செய்வதும், கட்டணத்தைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எங்களுக்கு நடந்தது இரண்டும்தான். ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் பத்திரங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

499 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இந்தத் தொகைக்கு யாரும் அலைய மாட்டார்கள் என்று நம்பித்தான் அவர்கள் அந்தத் தொகையை வைத்திருக்கிறார்கள். ஒருவர் புகார் கொடுத்தால் ஒரு மாதப் பணத்தைத் தந்து வாயை மூடப் பார்ப்பார்கள். பலர் கொடுத்தால், நுகர்வோர் பலருக்கும் சேர்த்து நடவடிக்கை எடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. எனவே இதேபோல் பணம் இழந்தவர்கள் வங்கிக் குறுஞ்செய்தியையும், கட்டணம் கேட்ட திரையின் படத்தையும், செயலி காட்டிய வழியின் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915-ஐ அழையுங்கள். தேசிய விடுமுறை நாட்கள் தவிர, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணை மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.